போலீஸ் வேலையை உதறியவர்... போலீஸ் பின்தொடர்ந்தவர்! ‘1984’ எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் யார்? நம்ம ஊர் மேடைக்கு அவர் ஏன் தேவை?

‘பிக் பாஸ்’ வீட்டில் மூலைக்கு மூலை கேமரா. யார் தூங்கினார்கள், யார் அழுதார்கள், யார் யாரைப் பற்றிப் புறம் பேசினார்கள் என்று எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் இந்த நிகழ்ச்சியின் மூலப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா?

1999-ல் நெதர்லாந்தில் ‘பிக் பிரதர்’ என்று தொடங்கிய நிகழ்ச்சிதான் நாடு நாடாகச் சுற்றி, இந்தியாவுக்கு வந்தபோது ‘பிக் பாஸ்’ ஆனது. ‘பிக் பிரதர்’ என்பது 1949-ல் வெளியான ‘1984’ நாவலில் வரும் சர்வாதிகாரியின் பெயர். தமிழில் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த நாவலை எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். பிறந்தது பீகாரில். முதலில் பார்த்த வேலை போலீஸ். இறக்கும்போது வயது 46. உலகம் முழுக்க அந்த நாவல் இன்றும் நாடகமாக மேடை ஏறுகிறது.

சரி, புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில் இருக்கும் ஒருவருக்கு இதனால் என்ன? விஷயம் இருக்கிறது. பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயிலும், குதிரைகள் இழுக்கும் தேர் வடிவில் கட்டிய மண்டபமும் உள்ள ஊர் அது. புதுக்கோட்டை வட்டாரத்தில் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணமோ பவளக்கொடியோ நடக்கும். நாடகத்தை உட்கார்ந்து ரசிக்கத் தெரிந்த மண். அதே ஜனங்கள் கையில் இன்று ஸ்மார்ட்போன் இருக்கிறது. கடைத்தெருவில் சிசிடிவி இருக்கிறது. அதனால் ‘1984’ இங்கே யாருக்கும் அந்நியமான கதை இல்லை.

ஆர்வெல் யார், இதையெல்லாம் அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று பார்ப்போம்.

கதை என்ன?

வின்ஸ்டன் ஸ்மித் ஒரு சாதாரண அரசு ஊழியர். பழைய செய்தித்தாள்களைத் திருத்துவது அவர் வேலை. ஆட்சிக்குப் பிடிக்காத பழைய செய்திகளை அழித்துவிட்டு, புதிதாக எழுதி வைக்க வேண்டும்.

அவர் வீட்டில் டெலிஸ்கிரீன் என்று ஒரு திரை. அதை நாமும் பார்க்கலாம், அது நம்மையும் பார்க்கும். முழுசாக அணைக்க முடியாது. முகம் சுளித்தாலே சந்தேகம். தூக்கத்தில் உளறினாலும் கைது. மனசுக்குள் நினைப்பதையே குற்றமாக்கி, அதைப் பிடிக்க ஒரு தனிப் போலீஸும் உண்டு.

வின்ஸ்டன் செய்யும் முதல் குற்றம் என்ன தெரியுமா? திரையின் கண் படாத ஒரு மூலையில் உட்கார்ந்து டைரி எழுதுவது. அவ்வளவுதான்.

மோதிஹாரியில் பிறந்த எரிக் பிளேர்

ஆர்வெலின் இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903 ஜூன் 25-ல், இன்றைய பீகாரில் இருக்கும் மோதிஹாரியில் பிறந்தார். அப்பா ரிச்சர்ட் பிளேர் ஆங்கிலேய அரசின் அபின் துறை அதிகாரி. எந்த விவசாயி எவ்வளவு நிலத்தில் கசகசாச் செடி போட்டார், எவ்வளவு பால் எடுத்தார் என்று கணக்கு வைத்து, விளைந்ததை அரசே வாங்கிக்கொள்ளும் துறை அது. அம்மா ஐடா, பர்மாவின் மௌல்மீன் நகரில் வளர்ந்தவர்.

1904-ல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா இங்கிலாந்து போய்விட்டார். பையன் படிப்பில் கெட்டி. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆனால் பல்கலைக்கழகம் போகவில்லை. 1922-ல், 19 வயதில், இந்திய இம்பீரியல் போலீசில் சேர்ந்து பர்மாவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி.

முதல் பாடம்: கண்காணிப்பவர் பக்கம்

மாண்டலே நகரில் பயிற்சி. பிறகு துவாண்டே, சிரியம், இன்செயின், மௌல்மீன், கத்தா என்று ஊர் ஊராக மாற்றல். மீசை சரியாக முளைக்காத வயதிலேயே சுமார் 2 லட்சம் மக்கள் வாழும் பகுதியின் பாதுகாப்பு அவர் பொறுப்பு. யார் சந்தேக நபர், எந்த ஊரில் என்ன பேச்சு, யாரைச் சிறையில் வைக்கலாம் என்பதெல்லாம் அன்றாட வேலை.

அந்த நாட்களில் இதே பிரிட்டிஷ் இந்தியாவின் போலீஸ், நம்ம பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தது? குற்றப்பரம்பரைச் சட்டம். மதுரைப் பக்கம் ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். குற்றம் செய்தவரா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. சில சாதிகளில் பிறந்தாலே ரேகை பதிய வேண்டும். ராத்திரி போலீஸ் கண்ணில் படும்படி தங்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ல் உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் இறந்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் பிளேர் போலீஸ் உடுப்பு மாட்டினார்.

கண்காணிப்பு என்பது கேமரா வந்த பிறகு தொடங்கியது இல்லை. ஒரு பதிவேடு, ஒரு மை டப்பா, பயமுறுத்த ஒரு லத்தி இருந்தாலே போதும்.

ஐந்து வருஷத்தில் பிளேருக்கு அந்த வேலை வெறுத்துப்போனது. 1927-ல் விடுப்பில் இங்கிலாந்து போனவர் திரும்பவே இல்லை. ராஜினாமா செய்தார். பர்மா அனுபவத்தை 1934-ல் ‘பர்மிய நாட்கள்’ என்ற நாவலாக எழுதினார். அதற்கு முந்தைய வருஷம், முதல் புத்தகம் வரும்போதே பெயரை மாற்றிக்கொண்டார். இங்கிலாந்தில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர் ஆர்வெல். அதுவே அவர் பெயரானது.

இரண்டாவது பாடம்: கண்காணிக்கப்படுபவர் பக்கம்

வேலையை விட்டவர் பாரிஸில் வறுமையில் வாடினார். ஓட்டலில் பாத்திரம் கழுவினார். 1929-ல் ஓர் இடதுசாரிப் பத்திரிகைக்கு எழுத முயன்றார். அங்கேதான் மாட்டினார். பிரிட்டிஷ் உளவுப்பிரிவு அவர் பெயரில் ஒரு கோப்பு திறந்தது. நேற்று வரை போலீஸ் அதிகாரி; இன்று போலீஸ் பார்வையில் சந்தேக நபர்.

1936-ல் சுரங்கத் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் பற்றி எழுத வடக்கு இங்கிலாந்தின் விகன் நகருக்குப் போனார். எங்கே தங்குகிறார், எந்தக் கூட்டத்துக்குப் போகிறார் என்று உள்ளூர் போலீஸ் மேலே எழுதி அனுப்பியது. 1942-ல் ஒரு போலீஸ்காரர், ஆர்வெல் உடுத்தும் விதத்தைக்கூடக் குறித்து, கம்யூனிஸ்ட் கருத்துள்ளவர் என்று எழுதினார். உளவுத்துறை மேலதிகாரிகளோ அதை ஏற்கவில்லை. இந்தக் கோப்பு வெளியே வந்தது 2007-ல்தான். ஆர்வெல் அதைப் பார்த்ததே இல்லை.

ஸ்பெயினில் நடந்தது இன்னும் மோசம். 1936 கடைசியில், பாசிசத்தை எதிர்த்துப் போரிட அங்கே போனார். 1937 மே மாதம் எதிரியின் தோட்டா தொண்டையில் பாய்ந்தது. உயிர் தப்பியது அதிர்ஷ்டம். ஆனால் திரும்பி பார்சிலோனா வந்தால், அவர் சேர்ந்திருந்த படையை நடத்திய கட்சிக்கே தடை. சோவியத் ஆதரவுப் போலீஸ் ஆட்களைத் தேடித் தேடிப் பிடித்தது. மனைவி எய்லீன் தங்கியிருந்த ஓட்டல் அறைக்குள் ராத்திரி புகுந்து, கடிதம், டைரி என எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். எய்லீன் படுத்திருந்த கட்டிலை மட்டும் தொடவில்லை. இருவரும் ஜூன் மாதம் ரயிலேறி பிரான்ஸுக்குத் தப்பினார்கள்.

டைரி எழுதுவதையே முதல் குற்றமாக வைத்து அவர் ஏன் நாவல் எழுதினார் என்று இப்போது புரிகிறதா?

மூன்றாவது பாடம்: பிபிசி வேலை

இரண்டாம் உலகப் போர் நேரம். 1941 முதல் 1943 வரை பிபிசியின் கிழக்குப் பிரிவில் ஆர்வெல் வேலை பார்த்தார். இந்தியர்களுக்கான வானொலி நிகழ்ச்சிகள்தான் அவர் பொறுப்பு. எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் போன்ற இந்தியர்களும் அங்கே பங்கேற்றார்கள். ஒலிபரப்பும் ஒவ்வொரு உரையும் தணிக்கை தாண்டித்தான் போக வேண்டும். போர்க்காலத் தணிக்கைத் துறையில் எய்லீனும் வேலை பார்த்தார். எது உண்மை, எதைச் சொல்லலாம் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்வதை இருவரும் கிட்டத்தில் இருந்து பார்த்தார்கள்.

நாவலில் கைதிகள் நடுங்கும் 101-ம் எண் அறை வருமே, அந்த எண்ணும் பிபிசி கட்டடத்தில் இருந்த ஒரு கூட்ட அறையின் எண்ணே.

அடுத்து வந்தது ‘விலங்குப் பண்ணை’. தமிழில் க.நா.சு. மொழிபெயர்த்த புத்தகம். சோவியத் ஆட்சியைக் கிண்டல் செய்த கதை என்பதால் பல பதிப்பகங்கள் கைவிட்டன. அதில் ஒன்று, அரசுத் தகவல் துறை அதிகாரி ஒருவர் வேண்டாம் என்று சொன்னதால் பின்வாங்கியது. அந்த அதிகாரி சோவியத் உளவாளி என்பது பிற்பாடு தெரியவந்தது. 1945 ஆகஸ்டில் புத்தகம் வந்து ஆர்வெலுக்குப் பேரும் பணமும் கொடுத்தது. ஆனால் அதைப் பார்க்க எய்லீன் இல்லை. அதே வருஷம் மார்ச்சில், அறுவை சிகிச்சையின்போது இறந்துவிட்டார். தத்தெடுத்த பையன் ரிச்சர்டுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை.

தனித்தீவில் எழுதிய நாவல்

ஸ்காட்லாந்தின் ஜூரா தீவுக்குப் போனார். மின்சாரம் இல்லாத பண்ணை வீடு. காசநோய் நெஞ்சை அரித்தது. படுக்கையில் சாய்ந்தபடியே தட்டச்சு செய்து 1948 கடைசியில் நாவலை முடித்தார். 1949 ஜூன் 8-ல் ‘1984’ வெளியானது. அக்டோபரில் மருத்துவமனைப் படுக்கையிலேயே சோனியா பிரவுனெல்லை மணந்தார். 1950 ஜனவரி 21-ல் உயிர் பிரிந்தது.

தன் வாழ்க்கை வரலாற்றை யாரும் எழுதக் கூடாது என்று உயிலில் கேட்டுக்கொண்டிருந்தார். கல்லறையில் ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயரே கிடையாது. எரிக் ஆர்தர் பிளேர், பிறந்த தேதி, இறந்த தேதி மட்டும். உலகப் புகழ் வந்த பிறகும் தனக்கென்று ஓர் ஒதுக்கிடம் வேண்டும் என்று நினைத்த மனுஷன்.

அவர் கொடுத்த 38 பெயர்கள்

ஆர்வெலைத் தெய்வமாக்குபவர்கள் பேசத் தயங்கும் பக்கம் ஒன்று உண்டு. 1949 மே மாதம், சாகக் கிடந்த நேரத்தில், பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் ஒரு பிரிவுக்கு 38 பேரின் பெயர்ப் பட்டியலை அனுப்பினார். சோவியத்துக்கு எதிரான பிரச்சாரம் எழுத இவர்களை நம்ப வேண்டாம் என்பது அதன் சாரம். எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்கள், நடிகர் எனப் பலர் அதில் இருந்தார்கள். முழுப் பட்டியல் 2003-ல் வெளியானது.

யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லையே, வேலைக்கு எடுக்க வேண்டாம் என்றுதானே சொன்னார் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. முதுகுக்குப் பின்னால் பேர் எழுதிக் கொடுப்பது காட்டிக்கொடுப்பதே என்கிறது இன்னொரு தரப்பு. சண்டை இன்னும் ஓயவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். கண்காணிப்பின் ஆபத்தை அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது. அவருக்கே, நல்ல காரணம் இருப்பதாகத் தோன்றிய ஒரு நாளில், பட்டியல் எழுதக் கை போனது. நல்லவர் கையில் இருந்தால் கண்காணிப்பு நல்லது என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நாவல் மேடைக்கு வந்தது எப்படி?

1954 டிசம்பரில் பிபிசி தொலைக்காட்சி இதை நேரலை நாடகமாக ஒளிபரப்பியது. வின்ஸ்டனாக நடித்தவர் பீட்டர் குஷிங். சித்திரவதைக் காட்சிகளைப் பார்த்துப் பலர் கொதித்தார்கள். விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது.

2013-ல் ராபர்ட் ஐக், டங்கன் மேக்மில்லன் இருவரும் எழுதி இயக்கிய மேடை நாடகம் நாட்டிங்ஹாமில் அரங்கேறியது. அதே வருஷம் ஜூனில், அமெரிக்க உளவு அமைப்பு உலக மக்களின் போன், இணையத் தகவல்களை அள்ளுவதை எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்தியிருந்தார். பழைய நாவல் திடீரென அன்றைய செய்தி போல ஆனது.

அந்த நாடகத்தில் ஒரு உத்தி. வின்ஸ்டனும் காதலி ஜூலியாவும் சந்திக்கும் ரகசிய அறை, மேடையில் நேரடியாகத் தெரியாது. கேமரா வழியாகத் திரையில்தான் தெரியும். தங்களை யாரும் பார்க்கவில்லை என்று அவர்கள் நம்புகிறார்கள். நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதாவது டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவரே பெரியண்ணன் ஆகிவிடுகிறார்!

புத்தகத்தில் கிடைக்காத அனுபவம் இது. படிக்கும்போது நாம் வின்ஸ்டன் பக்கம் நிற்கிறோம். நாடகம் பார்க்கும்போது நம் கண்ணே உளவுக் கண்ணாகிவிடுகிறது. 2017-ல் நியூயார்க்கில் இது நடந்தபோது சிலர் மயங்கி விழுந்ததாகவும் செய்திகள் வந்தன.

நம்ம ஊரில் நாடகமும் போலீஸும்

1876-ல் ஆங்கிலேய அரசு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. அரசுக்கு ஆகாத நாடகத்தை நிறுத்தலாம். தமிழ் மேடையில் அதன் சூட்டை நன்றாக உணர்ந்தவர் தியாகி விஸ்வநாததாஸ். முருகன் வேஷத்தில் வந்து தேசபக்திப் பாட்டுப் பாடுவார். போலீஸ் காத்திருக்கும். பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31-ல் சென்னையில் மேடையிலேயே, முருகன் வேஷத்திலேயே உயிர் போனது.

சுதந்திரம் வந்த பிறகாவது மாறியதா? 1954-ல் மாநில அரசு புதிய நாடகச் சட்டம் போட்டது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள் கிளப்பிய புயல்தான் அதன் பின்னணி. வசனப் பிரதியை முன்கூட்டியே அதிகாரிகள் கேட்டு வாங்கவும், நாடகத்தைத் தடுக்கவும் அந்தச் சட்டம் வழிசெய்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013 ஜனவரியில் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்றைக்கு நம் தனியுரிமை என்ன நிலையில்?

- 1962: உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் வீட்டுக்குப் போலீஸ் நடுராத்திரி போய்க் கதவைத் தட்டியது. இரவு வருகை தவறு என்று சொன்ன உச்ச நீதிமன்றம், தனியுரிமை அடிப்படை உரிமை இல்லை என்றும் சொன்னது.
- 1996: போன் ஒட்டுக்கேட்பு தனியுரிமையைப் பாதிக்கும் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது.
- 2017 ஆகஸ்ட் 24: ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்று 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தமிழில் முதல் ‘பிக் பாஸ்’ ஓடிக்கொண்டிருந்த அதே மாதம்!
- 2023: தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அரசு அமைப்புகளுக்கு விலக்கு தரவும் அதில் வழி இருக்கிறது. பெரிய விமர்சனமே அதுதான்.
- 2025 ஜூலை: சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக ரகசியமாக போன் ஒட்டுக்கேட்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. கேமராவால் திருடன் பிடிபடுகிறான், காணாமல் போன குழந்தை கிடைக்கிறது. அதையும் மறுக்க முடியாது. ஆனால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோமே, உள்ளே தப்பு நடக்கிறது என்றா அர்த்தம்? படம் எடுக்கலாமா என்பதோடு கேள்வி நிற்பதில்லை. எடுத்த படம் யாரிடம் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும், எதற்குப் பயன்படும், தப்பாகப் போனால் யாரிடம் கேட்பது என்பதுதான் அடுத்த கேள்வி.

குன்றாண்டார்கோவிலில் ‘1984’ போட முடியுமா?

தாராளமாகப் போடலாம். இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரைதான் காப்புரிமை. ஆர்வெல் இறந்தது 1950. ஆகவே 2010-ஓடு அது முடிந்தது. மூல நாவலை வைத்து யார் வேண்டுமானாலும் தமிழில் நாடகம் எழுதலாம். பள்ளிக்கூடமோ, இளைஞர் மன்றமோ, திருவிழாக் குழுவோ யாரிடமும் உரிமை வாங்கத் தேவையில்லை. மற்றவர்களின் மேடை வடிவத்தையோ மொழிபெயர்ப்பையோ அப்படியே எடுத்தால்தான் அனுமதி வேண்டும். ஒலிபெருக்கி, பொது இடம் போன்றவற்றுக்கான வழக்கமான அனுமதிகள் தனி.

செலவும் அதிகம் இல்லை. டெலிஸ்கிரீனுக்கு ஒரு புரொஜெக்டரும் வெள்ளை வேட்டியும் போதும். ஒரு செல்போன் கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, முன்வரிசையில் இருப்பவர் முகத்தை அந்தத் திரையில் காட்டினால், வசனமே இல்லாமல் நாடகம் புரிந்துவிடும். ஆனால் ஒன்று: முகத்தைக் காட்டப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள். நாடகம் கேட்பதும் அந்த ஒரு மரியாதையைத்தான்.